பின்னூட்டத்தில் போடும் லிங்க் தேடலில் கைகொடுக்குமா?

கேள்வி: தினமும் இருபது வலைப்பதிவுகளில் பின்னூட்டம் எழுதி என் தள முகவரியை விட்டு வருகிறேன். மூன்று மாதமாகியும் ரேங்க் அசையவில்லையே, சார்?

பதில்: அசையாது. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குக் கொடுக்கும் இணைப்பை ஓட்டாக எண்ணுவதுதான் கூகுளின் பழைய பேஜ்ரேங்க் கணக்கு. பின்னூட்டப் பெட்டியில் உங்களுக்கு நீங்களே ஓட்டுப் போட்டுக்கொள்கிறீர்கள். அதைச் செல்லாததாக்கத்தான் 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூன்றும் நோஃபாலோ குறியை ஏற்றன. ‘இந்த இணைப்புக்கு நான் பொறுப்பல்ல’ என்று தளக்காரர் கைகழுவும் குறி அது. வேர்ட்பிரஸ் இதைத் தானாகவே சேர்த்துவிடும். சந்தேகமிருந்தால் அந்தப் பக்கத்தின் சோர்ஸைத் திறந்து உங்கள் முகவரியைத் தேடுங்கள், அதற்கு அருகிலேயே நோஃபாலோ உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: இப்போது நோஃபாலோ லிங்கையும் எண்ணுகிறார்களாமே?

பதில்: பாதி உண்மை. நோஃபாலோவை இனிக் கட்டளையாக அல்ல, ஒரு குறிப்பாகவே எடுத்துக்கொள்வோம் என்று 2019 செப்டம்பரில் கூகுள் அறிவித்தது. கூடவே, வாசகர்கள் எழுதுபவற்றுக்கென்று யூஜிசி என்ற தனிக் குறியும் வந்தது. அதாவது, கூகுள் நினைத்தால் எண்ணலாம். ஆனால் ஸ்பேம் மண்டிக் கிடக்கும் பின்னூட்டப் பெட்டிக்கு அந்தச் சலுகை கிடைக்கும் என்று நான் நம்ப மாட்டேன்.

கேள்வி: நோஃபாலோ குறி போடாத ‘டூஃபாலோ’ வலைப்பதிவுகளின் பட்டியல் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பட்டியல் விற்பனைக்கு வந்துவிட்டதென்றால் உங்களுக்கு முன்னால் ஒரு கூட்டமே போய் அங்கே லிங்க் கொட்டியிருக்கும்.

கேள்வி: நான் அமர்த்திய ஆள் எனக்குத் தெரியாமல் ஆயிரக்கணக்கில் பின்னூட்ட லிங்க் போட்டுவிட்டார். தளம் கீழே போய்விடுமா?

பதில்: 2012 ஏப்ரலில், போலி இணைப்புகளைப் பிடிக்கும் கூகுளின் பெங்குவின் முறை வந்த புதிதில் கேட்டிருந்தால் பயப்படச் சொல்லியிருப்பேன். அன்று தளங்களே சரிந்தன. 2016 செப்டம்பருக்குப் பிறகு பெங்குவின் இத்தகைய இணைப்புகளின் மதிப்பை மட்டும் கழித்துவிடுகிறது. முதலில், தளக்காரர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் ‘மேனுவல் ஆக்‌ஷன்’ பகுதியைப் பாருங்கள். கூகுள் ஆட்களே பார்த்துத் தண்டித்திருந்தால் அங்கே எச்சரிக்கை இருக்கும். இருந்தால் முடிந்த லிங்குகளை அழிக்கச் சொல்லுங்கள், மீதியை, ‘இவற்றை எண்ண வேண்டாம்’ என்று கூகுளிடம் சொல்லும் டிஸவோ வசதியில் கொடுங்கள். எச்சரிக்கை இல்லையென்றால் டிஸவோவைத் தொடாதீர்கள். நல்ல லிங்கையும் சேர்த்து வெட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பெயர் போடும் இடத்தில் ‘மலிவு விலை லேப்டாப்’ என்று கீவேர்டைப் போடலாமா?

பதில்: அந்தப் பெயரில் வந்தால் உங்களை யார் எப்படிக் கூப்பிட்டுப் பதில் சொல்வது? மட்டுறுத்துபவர் படிக்காமலே அழித்துவிடுவார்.

கேள்வி: அப்படியானால் பின்னூட்டம் எழுதுவதே வீண்தானா?

பதில்: ரேங்குக்காக எழுதினால் வீண். ஒருமுறை ஒரு பதிவில் இருந்த கணக்குப் பிழையைச் சுட்டிக்காட்டி, லிங்க் ஏதும் போடாமல் நான்கு வரி எழுதினேன். பதிவர் என் தளத்தைத் தேடிப் படித்திருக்கிறார். சில வாரம் கழித்து அவருடைய அடுத்த கட்டுரையின் நடுவிலேயே என் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தார், நோஃபாலோ இல்லாமல்.