ரிப்போர்ட் நார்மல் வந்துவிட்டது, கீமோவை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய். ஒரு மாத கீமோவுக்குப் பிறகு எலும்பு மஜ்ஜை டெஸ்டில் நோய் இல்லை என்று வந்துவிட்டது. ஆனாலும் இரண்டு வருடத்துக்கு மேல் சிகிச்சை தொடர வேண்டுமாம். முடி கொட்டி, பிள்ளை துவண்டு கிடக்கிறாள். நாட்டு மருந்துக்கு மாறலாம் என்கிறார் அம்மா. டாக்டர் விட மறுக்கிறார். பெற்றவர்களுக்கு உரிமை இல்லையா?

பதில்: முதலில் அந்த ரிப்போர்ட். நோய் தெரியவரும்போது உடலில் புற்றணுக்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி இருக்கும். முதல் மாத கீமோவில் பெரும்பகுதி அழிந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் கண்ணுக்குச் சிக்காமல் கோடிக்கணக்கில் மிச்சம் இருக்கலாம். இப்போது நிறுத்தினால் அவை மறுபடி பெருகும். திரும்பி வரும் நோய் பழைய மருந்துகளுக்கு எளிதில் அடங்காது. முழுமையாக முடித்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கும் நோய் இது. பாதியில் விட்டவர்களைத்தான் டாக்டர்களான நாங்கள் அதிகம் இழக்கிறோம்.

இனி உரிமை. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சம்மதம் தர வேண்டியது நீங்கள்தான். இரண்டாவது டாக்டரிடம் கருத்துக் கேட்கலாம். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவுகளைத் தந்தாக வேண்டும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ மாற்றிக்கொள்ளவும் தடையில்லை. செலவுதான் தயக்கம் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி அங்கேயே விசாரியுங்கள். ஆனால் குணமாகக்கூடிய நோய்க்குச் சிகிச்சையே வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தால், மருத்துவமனை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் கொடுக்கலாம். 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி அந்தக் குழு முதலில் பார்ப்பது குழந்தையின் நலனை. என்னைக் கேட்டால், அதுதான் சரி.

உங்கள் அம்மா மேல் கோபப்படாதீர்கள். என்னிடம் ஒரு பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு சூரணப் பொட்டலத்தை மேஜையில் வைத்தார். "பத்து நாளா தேன்ல குழைச்சுக் குடுக்கறேன் சார்" என்றார், பயந்துகொண்டே. பேரனின் கல்லீரல் டெஸ்ட் ஏன் ஏறியது என்று அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. அவர் மறைத்திருந்தால் கீமோவைத்தான் குறை சொல்லியிருப்போம். உங்கள் மகளுக்குப் போடும் வின்கிரிஸ்டின் ஊசியும் செடியிலிருந்து வந்ததுதான். நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணி! அளவு தெரிந்து, சுத்திகரித்துத் தருகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இதை அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். அடுத்த முறை அவரையும் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். வாந்தி, வாய்ப்புண், சோர்வு என்று பிள்ளை படும் பாட்டை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பெரும்பாலானவற்றைக் குறைக்க வழி இருக்கிறது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நடுராத்திரி ஆனாலும் சரி, "பாராசிட்டமால் கொடுப்போம், விடியட்டும்" என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.