நெட் கனெக்ட் ஆகுது, சைட் மட்டும் தொறக்கல: கேளுங்க, பதில் சொல்றேன்

ஈரோடு பக்கம் ஃபைபர் லைன் வேலைல இருக்கேன், இன்னிக்கு லீவு, அதனால வீட்டு நெட் பிரச்னை எதுனாலும் கேளுங்க. எந்த கம்பெனி பிளான் நல்லதுன்னு மட்டும் கேக்காதீங்க. பாக்ஸ்ல எந்த லைட் என்ன கலர்ல எரியுது, எல்லா போன்லயும் வரலியா ஒண்ணுல மட்டுமா, இது ரெண்டையும் எழுதுங்க. அப்புறம் பாக்ஸ் பின்னாடி இருக்கற ரீசெட் ஓட்டைல பின் குத்தாதீங்க, புண்ணியமா போகும்.

செல்வி, தாராபுரம்: அண்ணா, வாட்ஸ்ஆப் மெசேஜ் போகுது வருது, ஆனா குரோம்ல ஒரு சைட்டும் தொறக்க மாட்டேங்குது. லைட் எல்லாம் பச்சை. எல்லா போன்லயும் இதே கதை.

பதில்: கேள்வின்னா இப்படி கேக்கணும்மா. லைன் நல்லாருக்கு, பெரும்பாலும் டிஎன்எஸ்தான் படுத்திருக்கும். நீங்க அடிக்கற சைட் பேரை ஐபி நம்பரா, அதாவது நெட்ல அந்த சைட்டோட விலாசமா, மாத்தி குடுக்கற சர்வர் அது. வாட்ஸ்ஆப் ஏற்கனவே போட்ட கனெக்‌ஷனை விடாம பிடிச்சுக்கும், அதுக்கு பேரை அடிக்கடி கேக்க வேண்டியதில்ல, ப்ரௌசருக்கு ஒவ்வொரு சைட்டுக்கும் கேக்கணும். லேப்டாப்ல கமாண்ட் ப்ராம்ப்ட் தொறந்து கூகுளோட 8.8.8.8க்கு பிங் அடிங்க ("இருக்கியா"ன்னு கேட்டு பாக்கற கமாண்ட்), ரிப்ளை வரணும். அப்புறம் நம்பருக்கு பதிலா கூகுள் பேரை போட்டு பிங் அடிங்க, ஹோஸ்ட் கிடைக்கலன்னு வந்தா டிஎன்எஸ்தான், சந்தேகமே வேண்டாம். ரவுட்டர் பேஜ்ல, அனேகமா 192.168.1.1, டிஎன்எஸ் கட்டத்துல 8.8.8.8, ரெண்டாவதுல க்ளவுட்ஃப்ளேர் கம்பெனியோட 1.1.1.1 போட்டு சேவ் பண்ணுங்க, போன்ல வைஃபைய ஒருதடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. மாத்தறதுக்கு முன்னாடி அந்த கட்டத்துல என்ன நம்பர் இருந்துச்சுன்னு எழுதி வெச்சு லைன் ஆள்கிட்ட காட்டுங்க. அவங்க குடுக்காத நம்பரா இருந்தா வீட்ல யாரும் மாத்தலன்னா, வேற யாரோ உள்ள வந்து மாத்திருக்கலாம். 2011ல எஃப்பிஐ பிடிச்ச டிஎன்எஸ்சேஞ்சர் கும்பல் பண்ணது இதைத்தான், அந்த திருட்டு சர்வருக்கு பதிலா வெச்சிருந்த நல்ல சர்வரையும் 2012 ஜூலை 9ல நிறுத்தினப்ப, அதுவரைக்கும் சரி பண்ணாம விட்ட கம்ப்யூட்டர் பலதுக்கு நெட் போயிருச்சு. ரவுட்டர் பாஸ்வேர்டு இன்னும் அட்மின்னே இருந்தா இன்னிக்கே மாத்திருங்க.

பாலா: ப்ரோ எல்ஓஎஸ் லைட் சிவப்பா மின்னுது.

பதில்: எல்ஓஎஸ்னா சிக்னல் இல்லன்னு அர்த்தம், ஃபைபர்ல வெளிச்சம் வரல. ஒயர் எங்கயாவது மடிஞ்சிருக்கா, எலி கடிச்சிருக்கா பாருங்க, இல்லன்னா லைன் ஆள கூப்பிடுங்க. ஒயர் முனைய கழட்டி கண்ணு கிட்ட வெச்சு பாக்காதீங்க, அது கண்ணுக்கு தெரியாத லேசர்.

கரூர் ராஜா: சார், ரவுட்டர் புதுசு மாத்தினேன். கூகுள், யூடியூப் சூப்பரா வருது. பேங்க் சைட்டும் இன்னும் சில சைட்டும் சுத்திகிட்டே இருக்கு, தொறக்கவே இல்ல. எல்லா போன்லயும், லேப்டாப்லயும். லைட் எல்லாம் பச்சைதான்.

பதில்: எனக்கு பிடிச்ச கேஸ் இது, பத்து பேர்ல ஒம்போது பேர் பேங்க்கைத்தான் திட்டுவாங்க. யூசர்நேம் பாஸ்வேர்டு போட்டு கனெக்ட் ஆகற பிபிபிஓஈ லைன்தானே உங்களது? டேட்டா துண்டு துண்டாத்தான் போகும், ஒரு துண்டுக்கு பேர் பாக்கெட். சாதாரணமா ஒரு பாக்கெட் 1500 பைட் வரைக்கும் போகும், பிபிபிஓஈ தன் பங்குக்கு 8 பைட் எடுத்துக்கும், மிச்சம் 1492. புது ரவுட்டர்ல எம்டியு (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச சைஸ்) 1500ன்னே இருந்தா, அந்த பக்கத்து சர்வர் முழு சைஸ்ல அனுப்பற பாக்கெட் உங்க லைனுக்குள்ள நுழையாது. "பெருசா இருக்கு, சின்னதா அனுப்பு"ன்னு சர்வருக்கு ஒரு தகவல் திரும்பி போகணும், ஆனா நெறைய இடத்துல ஃபயர்வால்ல அந்த தகவலையும் அடைச்சு வெச்சிருக்காங்க, அதனால சர்வர் அனுப்பிகிட்டே இருக்கும், நீங்க காத்துகிட்டே இருப்பீங்க. யூடியூப் க்விக்ங்கற முறைல சின்ன சின்ன பாக்கெட்டா வர்றதால தப்பிச்சிருது. விண்டோஸ்ல பிங் கமாண்டோட மைனஸ் எஃப் (உடைக்காம அனுப்பு), மைனஸ் எல் 1472 (சைஸ்) போட்டு பாருங்க, போகாது. 1464 போட்டா போகும், அதோட தலைப்பு 28 சேத்தா சரியா 1492. ரவுட்டர்ல வெளி லைனுக்கான வான் செட்டிங்ல எம்டியு 1492ன்னு மாத்துங்க, முடிஞ்சுது.

டெக் தம்பி: அண்ணே எதுக்கு இவ்ளோ கதை? எல்லாரும் 8.8.8.8 போடுங்க, ஸ்பீடே டபுள் ஆயிரும், நான் போட்டு பாத்தவன்.

பதில்: ஆகாது தம்பி. டிஎன்எஸ் அட்ரஸ் சொல்றதோட சரி, அதுக்கப்புறம் ஃபைல் வர்ற வழில அது இல்லவே இல்ல. உங்க பழைய டிஎன்எஸ் திணறிகிட்டு இருந்திருக்கும், பேஜ் சட்டுனு ஆரம்பிக்கறது ஸ்பீடு மாதிரி தெரியும். டவுன்லோட் பண்ணி பாருங்க, அதே வேகம்தான்.

திருச்சி மணி: 8.8.8.8ஐ விட 1.1.1.1தான் பெஸ்ட் சார், இது தெரியாதா?

டெக் தம்பி: யாரு சொன்னா? கூகுளை விடவா?

பதில்: ரெண்டு பேரும் நிறுத்துங்கப்பா. இதுல நெஜமான வித்தியாசம் ஒண்ணு இருக்கு. அகமாய் மாதிரி, மத்தவங்க சைட்டையும் வீடியோவையும் பக்கத்துல இருந்து குடுக்கற ஆளுங்க, நெட் கம்பெனிங்களுக்கு உள்ளயே சர்வர் வெச்சு, பேர் கேக்கறவன் எங்க இருக்கான்னு பாத்து பக்கத்து சர்வர் அட்ரஸ குடுப்பாங்க. கூகுள் டிஎன்எஸ் உங்க ஐபில ஒரு பகுதிய அவங்களுக்கு சொல்லும், க்ளவுட்ஃப்ளேர் பிரைவசிக்காக சொல்லாது. அதனால உங்க கம்பெனி டிஎன்எஸ் ஒழுங்கா ஓடினா சில சமயம் அதுவே பக்கத்து சர்வர காட்டும், வெளி டிஎன்எஸ் போட்டதால வீடியோ தூரத்துல இருந்து வர்றதும் உண்டு.

திருச்சி மணி: ஆனா எங்க ஏரியால கம்பெனி டிஎன்எஸ் வாரத்துக்கு ரெண்டு தடவ படுத்துக்குதே.

பதில்: அப்ப மாத்துங்க, நான் வேண்டாம்னு சொல்லலியே. செல்விக்கும் அதைத்தான் சொன்னேன். படுத்தா மாத்தணும், ஸ்பீடுக்காக மாத்தறது வெட்டி வேலை.

டெக் தம்பி: என் வீட்ல ஸ்பீடு கூடுச்சு, அவ்ளோதான்.

பதில்: சரி, சந்தோஷம்.

நாமக்கல் ஐயப்பன்: ஐயா, பாக்ஸ்ல செவப்பு லைட்.

பதில்: பாலாவுக்கு சொன்னதுதான். மேல படிங்க.

மீனா: அப்பா போன்ல மட்டும் "இன்டர்நெட் இல்லை"ன்னு வருது. எங்க எல்லாருக்கும் நல்லா வருது. வெளில மொபைல் டேட்டாலயும் அவருக்கு வரல.

பதில்: டேட்டாலயும் வரலன்னா ரவுட்டர் மேல பழி போட முடியாது. செட்டிங்ஸ்ல பிரைவேட் டிஎன்எஸ்னு தேடுங்க, ஆண்ட்ராய்டு 9ல இருந்து இருக்கு. விளம்பரம் வராம இருக்க யாரோ ஒரு பேரை போட்டு குடுத்திருப்பாங்க, அந்த சர்வர் கிடைக்கலன்னா போன் வேற டிஎன்எஸ் கேக்கவே கேக்காது. ஆட்டோமேட்டிக்னு மாத்துங்க. அப்பவும் வரலன்னா தேதி, வருஷம் சரியா இருக்கான்னு பாருங்க, அது தப்பா இருந்தாலும் பாதி சைட் தொறக்காது.

சேலம் கார்த்தி: அண்ணா நெட் வரலன்னு ரீசெட் அடிச்சேன், இப்ப வைஃபை பேரே மாறிருச்சு.

பதில்: ஆரம்பத்துலயே சொன்னனே சாமி. பிபிபிஓஈ யூசர்நேம், பாஸ்வேர்டு, விலேன் (கம்பெனி லைனுக்கு குடுக்கற ஒரு நம்பர்) எல்லாம் அழிஞ்சிருக்கும். லைன் ஆள் வந்து போட்டாத்தான் உண்டு.

வள்ளி அக்கா: தம்பி, மாடிக்கு பழைய ரவுட்டர் ஒண்ணு மாட்டினோம், அன்னைல இருந்து ஒருத்தருக்கு நெட் வந்தா இன்னொருத்தருக்கு வரல. லைட்ல ஒரு கொறையும் இல்ல.

பதில்: அக்கா, ரெண்டு பாக்ஸும் போட்டி போட்டு ஐபி குடுக்குது. மாடி ரவுட்டர்கிட்ட வாங்கினவங்களுக்கு வெளிய போற வழி தெரியாது. மாடி ரவுட்டர்ல டிஹெச்சிபி (ஐபி குடுக்கற வேலை) ஆஃப், அதோட அட்ரஸ் 192.168.1.2, கீழ இருந்து வர்ற ஒயர் லான் போர்ட்ல. வான் போர்ட்ல வேண்டாம்.

பெயர் சொல்லாதவர்: ப்ளாக் ஆன பட சைட் எப்படி தொறக்கறது?

பதில்: அது ரிப்பேர் இல்ல. அடுத்தது.

கோபி முருகேசன்: சார், ராத்திரி நெட் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவ கட் ஆகுது, எல்லா லைட்டும் ஒருதடவ அணைஞ்சு திரும்ப எரியுது. ரீசெட் பண்ணவா?

பதில்: பண்ணாதீங்க!! எல்லா லைட்டும் அணையுதுன்னா பாக்ஸ் ரீஸ்டார்ட் ஆகுது, லைன் மேல தப்பில்ல, அடாப்டர் செத்துகிட்டு இருக்கு. பிளக் பாயின்ட் லூசான்னும் பாருங்க. அடாப்டர்ல எழுதியிருக்கற வோல்ட்டேஜ் பாருங்க, அனேகமா 12 வோல்ட் இருக்கும், புதுசுலயும் அதே வோல்ட் இருக்கணும், ஆம்பியர் அதேவோ கூடவோ இருக்கலாம், கொறையக்கூடாது. கடைக்கு போறப்ப பின் சைஸுக்கு பழசையும் கையோட எடுத்துட்டு போங்க.