ஏஜென்சி போட்ட பொய் ரிவியூவுக்கு நாங்கள் ஏன் பொறுப்பு?

கேள்வி: நாங்கள் சருமப் பராமரிப்புப் பொருட்கள் தயாரித்து, சொந்த இணையதளம் மூலம் பல நாடுகளுக்கு விற்கிறோம். விளம்பரம் முழுவதையும் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சியிடம் விட்டிருந்தோம். சில மாதங்களில் ஐந்து நட்சத்திர ரிவியூக்கள் குவிந்தன, விற்பனையும் ஏறியது. இப்போது போட்டி நிறுவனம் ஒன்று, அவையெல்லாம் காசு கொடுத்து எழுதியவை என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. கேட்டால் ஏஜென்சி ஒப்புக்கொள்கிறது. எங்கோ வாங்கிய மின்னஞ்சல் பட்டியலுக்கு எங்கள் பெயரில் விளம்பரமும் அனுப்பியிருக்கிறார்கள். எங்களுக்குத் தெரியாமல் நடந்ததற்கு நாங்கள் பொறுப்பா? எல்லாவற்றையும் உடனே அழித்துவிடலாமா? நோட்டீஸ் அனுப்பியவர்களும் இதையேதான் செய்கிறார்கள்.

பதில்: அழிக்கும் வேலையை முதலில் நிறுத்துங்கள். பொய் ரிவியூக்களைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து எடுக்க வேண்டும், அதுவும் சீக்கிரம். ஆனால் எடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் தேதி, லிங்க் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஏஜென்சியுடன் நடந்த மின்னஞ்சல், வாட்ஸ்அப் உரையாடல், அவர்கள் கொடுத்த பில் எல்லாம் அப்படியே இருக்கட்டும். நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு ஆவணத்தை அழித்தால், அதில் இருந்தது உங்களுக்குப் பாதகமானது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள இடமுண்டு. செய்த தப்பைவிட மறைத்த தப்பில் மாட்டியவர்கள் அதிகம்.

இன்னொரு சிக்கலும் வரும். விளம்பரக் கணக்கு, வாடிக்கையாளர் பட்டியல், சில சமயம் இணையதள டொமைன்கூட ஏஜென்சியின் பெயரில் இருக்கும். சண்டை முற்றினால் அவர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள். அதனால் கோபமாக மின்னஞ்சல் எழுதுவதற்கு முன்பே அட்மின் உரிமையை உங்கள் பக்கம் மாற்றி, தரவு முழுவதையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பொறுப்பு யாருடையது? பெரும்பாலும் உங்களுடையதுதான். விளம்பரத்தின் பலன் யாருக்குப் போகிறதோ அவரைத்தான் சட்டம் முதலில் பார்க்கிறது. நீங்கள் பல நாடுகளுக்கு விற்பதால், வாங்குகிறவர் இருக்கும் நாட்டின் சட்டமும் உங்கள் மீது பாயும். பொய் ரிவியூவைத் தானே போடுவது மட்டுமல்ல, இன்னொருவரை வைத்துப் போடச் செய்வதும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே மாதத்திலிருந்து தடை செய்யப்பட்ட வணிக நடைமுறை. பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல், ஒழுங்குமுறை ஆணையம் நீதிமன்றம் போகாமலேயே உலக அளவிலான விற்றுமுதலில் 10 சதவீதம் வரை அபராதம் போடலாம். இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை.

'எனக்குத் தெரியாது' என்பதற்கு மதிப்பே இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. அமெரிக்காவில் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ரிவியூ விதி, காசு கொடுத்து வாங்கிய ரிவியூ பொய்யென்று உங்களுக்குத் தெரியுமா என்பதோடு, தெரிந்திருக்க வேண்டுமா என்றும் கேட்கிறது. அந்த இரண்டாவது கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். விற்ற எண்ணிக்கையைவிட ரிவியூ அதிகமாக இருந்ததா? ஒரே நாளில் ஒரே பாணியில் வந்து விழுந்தனவா? ஏஜென்சியின் பில்லில் 'ரெப்யூடேஷன் மேனேஜ்மென்ட்' என்று ஒரு வரி இருந்து, அது என்ன என்று நீங்கள் கேட்காமல் பணம் கட்டினீர்களா? நான் உங்கள் எதிர்த்தரப்பு வக்கீலாக இருந்தால் முதலில் அந்த பில்களைத்தான் கேட்பேன்.

ரிவியூக்களில் என்ன எழுதியிருக்கிறது என்றும் உட்கார்ந்து படியுங்கள். 'வாசனை நன்றாக இருக்கிறது' என்பது ஒரு ரகம். 'ஒரே வாரத்தில் சொறி குணமானது' என்பது வேறு ரகம். அழகுசாதனப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று சொன்னால் பல நாடுகளில் அது மருந்துச் சட்டத்துக்குள் போய்விடும். அதை நம்பி ஒருவர் மருத்துவரிடம் போகாமல் இருந்திருக்கலாம் என்பது சட்டத்துக்கு அப்பாலும் உங்களை உறுத்த வேண்டிய விஷயம். அந்த வகை ரிவியூக்களை முதலில் எடுங்கள். அவற்றைப் பார்த்து வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்டால் வாதாடாமல் கொடுத்துவிடுங்கள்.

மின்னஞ்சல் விஷயத்தில் நிலைமை இன்னும் நேரடியானது. அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டு கேன்-ஸ்பாம் சட்டத்தின் கீழ் அனுப்பியவர், யாருடைய பொருளுக்காக அனுப்பப்பட்டதோ அவர், இருவரையுமே பொறுப்பாக்கலாம். 'இனி அனுப்பாதே' என்றவரை 10 வேலை நாட்களுக்குள் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். ஐரோப்பாவில் தனிநபருக்கு விளம்பர மின்னஞ்சல் அனுப்ப, பொதுவாக முன்கூட்டியே சம்மதம் வேண்டும். காசுக்கு வாங்கிய பட்டியலில் அந்தச் சம்மதத்தைக் காட்டுவது ஏறக்குறைய முடியாத காரியம். அந்தப் பட்டியலை இனி தொடவே தொடாதீர்கள். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதை ஏஜென்சியிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

நோட்டீஸுக்கு மார்க்கெட்டிங் குழுவை விட்டுப் பதில் எழுத வைக்காதீர்கள். 'எல்லாம் உண்மையான ரிவியூ' என்று மறுத்தால், ஏஜென்சி ஒப்புக்கொண்டது நாளை வெளியே வரும்போது நீங்கள் பொய்யராகிவிடுவீர்கள். முழுவதையும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம் எழுதினால் அதுவே சாட்சியாகும். நோட்டீஸ் கிடைத்தது, விசாரிக்கிறோம், கேள்விக்குரிய ரிவியூக்களை நீக்கியிருக்கிறோம், எங்கள் உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை. இந்த அளவில், கெடு முடிவதற்குள், உங்கள் வக்கீல் மூலம் பதில் போகட்டும். போட்டியாளருடன் சமரசம் ஆனாலும் அரசு ஆணையம் தனியாகக் கேட்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

அவர்களும் இதையேதான் செய்கிறார்கள் என்பது தற்காப்பு ஆகாது. கையில் ஆதாரம் இருந்தால் தனியாகப் புகார் கொடுங்கள். கோபத்தில் சமூக ஊடகத்தில் எழுதினால் அவதூறு வழக்கும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

இனி ரிவியூ கேட்கவே கூடாதா என்று அடுத்துத் தோன்றும். தாராளமாகக் கேட்கலாம். தள்ளுபடி கொடுத்துக் கேட்பதில்தான் கவனம் வேண்டும். உங்கள் சொந்தத் தளத்தில், நல்லதாக எழுதினால்தான் தள்ளுபடி என்ற நிபந்தனை கூடாது. சலுகை பெற்று எழுதியது என்பது வாசிப்பவருக்குத் தெரிய வேண்டும். கூகுள், அமேசான் போன்ற தளங்களின் சொந்த விதி இன்னும் கடுமை: சன்மானம் கொடுத்து ரிவியூ வாங்கவே கூடாது. வந்த ஒரு நட்சத்திர ரிவியூக்களை ஒளித்துவிட்டு மீதியை மட்டும் காட்டுவதும் ஏமாற்றுதான்.

கடைசியாக, ஏஜென்சியிடம் இழப்பீடு. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு ஷரத்து இருக்கிறதா, இருந்தால் உச்சவரம்பு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். 'நீங்கள் கட்டிய கட்டணம் வரைதான் எங்கள் பொறுப்பு' என்று பல ஏஜென்சிகள் போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் பாக்கிப் பணத்தை நிறுத்த வேண்டாம். அப்புறம், அவர்கள் உங்களைத் திருப்பிக் கேட்கக்கூடியதையும் தேடி வையுங்கள். 'எப்படியாவது ரேட்டிங்கை ஏற்றுங்கள்' என்று உங்கள் ஊழியர் யாராவது அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் இருந்தாலே வழக்கின் திசை மாறும். இருந்தால் அதை இந்த வாரமே உங்கள் வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.