சென்சாரை மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள்

மழை விட்டதும் எனக்கு வரும் கடிதங்களில் காரின் ஏபிஎஸ் விளக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஓங்கி பிரேக் பிடித்தாலும் சக்கரம் சுழலாமல் நின்றுவிடாதபடி காப்பது ஏபிஎஸ், அதில் கோளாறு என்றால் எரிவது இந்த விளக்கு. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பட்டுச் சேலை, பிரிட்ஜ் புகார்கள் அடுத்த முறை.

கேள்வி: மஞ்சள் நிற ஏபிஎஸ் விளக்கு அணைய மறுக்கிறது. அடுத்த வாரம் குடும்பத்தோடு ஏலகிரி போக வேண்டும். போகலாமா? (குடியாத்தம்)

பதில்: பிரேக் வழக்கம்போல் பிடிக்கும், ஏபிஎஸ் மட்டும் வேலை செய்யாது. ஈரச் சாலையில் பெடலை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழலாமல் நின்று வண்டி வழுக்கும், ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. 14 கொண்டை ஊசி வளைவுகளில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். சரிசெய்துவிட்டுப் போங்கள். ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் சிவப்பு பிரேக் விளக்கு சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள்.

கேள்வி: ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் ஓட்டிய மறுநாள் விளக்கு எரிந்தது. ஷெட்டில் கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனர் மாட்டிப் பார்த்து, 'முன் இடது சென்சார் போய்விட்டது' என்று ரூ.2,800 வாங்கி மாற்றினார்கள். ஒரே வாரத்தில் மீண்டும் விளக்கு. இப்போது ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டுமாம். பில் தரவில்லை, பழைய சென்சாரும் கைக்கு வரவில்லை. (ஆம்பூர்)

பதில்: யூனிட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் மீது தவறில்லை ஐயா. ஸ்கேனர் காட்டுவதைப் பாதி மட்டும் படிக்கிற பழக்கம் நம் ஊர் ஷெட்டுகளில் பரவிவிட்டது, அதற்கான தண்டத்தை வண்டிக்காரர் கட்டுகிறார்.

ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் பல் வைத்த ஒரு வளையமோ, பேரிங்கின் சீலில் பதித்த காந்த வளையமோ சுழலும். விரல் நீளச் சென்சார் அதை எண்ணி ஏபிஎஸ் யூனிட்டுக்குச் சொல்கிறது. ஸ்கேனரில் சி0035 என்ற கோளாறு எண் வந்தால், முன் இடது சக்கரத்திலிருந்து வரும் தகவல் சரியில்லை என்றுதான் பொருள். சென்சார் செத்தது என்று அது எங்கும் சொல்லவில்லை. ஒயரை இணைக்கும் கனெக்டருக்குள் தண்ணீர் புகுந்து பச்சை பிடித்திருக்கலாம். ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் மடங்கி மடங்கி ஒயர் உறைக்குள்ளேயே அறுந்திருக்கலாம், எலியும் கடித்திருக்கலாம். சென்சார் முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கலாம், வளையம் விரிசல் விட்டிருக்கலாம், பேரிங் ஆட்டம் கண்டு இடைவெளி கூடியிருக்கலாம். நீங்கள் தண்ணீரில் ஓட்டியவர் என்பதால் என் சந்தேகம் முதலில் கனெக்டர் மீதுதான்.

இனி வேறு ஷெட்டுக்குப் போங்கள். ஸ்கேனரை மாட்டியபடி 20 கிலோமீட்டர் வேகத்தில் நேராக ஓட்டி, நான்கு சக்கரங்களின் வேகத்தையும் திரையில் ஒப்பிடச் சொல்லுங்கள். மூன்று 20 காட்டி ஒன்று மட்டும் பூஜ்யமோ துள்ளலோ காட்டினால் குறை அங்கே. பிறகு வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஒருவர் சக்கரத்தைக் கையால் சுழற்ற, இன்னொருவர் ஒயரை அசைத்துப் பார்க்க வேண்டும். அசைக்கும்போது எண் வந்து வந்து போனால் ஒயர்தான் குற்றவாளி. கனெக்டரைக் கழற்றித் துடைப்பது அதற்கும் முன்னால். பழைய வகைச் சென்சாருக்குள் காந்தமும் கம்பிச் சுருளும் மட்டுமே இருப்பதால் மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) அளக்கலாம், பெரும்பாலும் ஆயிரம் ஓமை ஒட்டி வரும். புதிய வகை, மின்சாரம் ஊட்டினால்தான் பேசும். அதையும் ஓம் அளந்து தீர்ப்புச் சொல்கிறவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். இத்தனையும் பார்த்த பிறகே புதுச் சென்சார்.

பில் தராததை விட்டுவிடாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதியுங்கள். அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. பணத்தை ஜிபேயில் கொடுத்திருந்தால் அந்தப் பதிவு உங்களுக்குச் சாட்சி. கழற்றிய பழைய பாகத்தை இனி எந்த ஷெட்டிலும் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்குகிறவர் அதைக் கழற்றினாரா என்பதே கேள்வி.

கேள்வி: 'எல்லாக் கார்களுக்கும் பொருந்தும்' என்று ஆன்லைனில் போட்டிருந்த சென்சாரை ரூ.450-க்கு வாங்கினேன். பிளக்கே பொருந்தவில்லை. திருப்பி அனுப்பும் தேதியும் கடந்துவிட்டது. (ராணிப்பேட்டை)

பதில்: எல்லாருக்கும் பொருந்தும் செருப்பு என்றால் வாங்குவீர்களா? சென்சாருக்குப் பாக எண் உண்டு, மாடலுக்கு மாடல், இடது வலதுக்குக்கூட மாறும். தேதியைப் பார்க்காமல் விட்டதற்கு நான் என்ன செய்ய? என் மேசை டிராயரிலும் மலிவு விலை ஸ்கேனர் ஒன்று கிடக்கிறது. இன்ஜின் கோளாறை மட்டும் படிக்கும், ஏபிஎஸ்ஸைக் கேட்டால் மௌனம். ஆனால் இன்ஜினை மட்டும் படிக்கும் என்றுதான் அதன் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தது.

கேள்வி: பின் சக்கர வீல் பேரிங் மாற்றிய அன்று மாலையே ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. 'அது வேறு கோளாறு' என்கிறார் மெக்கானிக். (ஆரணி)

பதில்: வேறு கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. காந்த வளையம் உள்ள பேரிங்குக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் உண்டு. திருப்பிப் போட்டு அழுத்திவிட்டால் சென்சாருக்கு எதிரே வெறும் சீல்தான் இருக்கும். அழுத்திய பேரிங்கைப் பிடுங்கினால் பெரும்பாலும் மறுபடி பயன்படாது, எனவே புதிய பேரிங்கும் கூலியும் அவர் கணக்கில். கழற்றும்போது உடன் நின்று, மெல்லிய பேப்பர் கிளிப்பை இரண்டு பக்கமும் காட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதுதான் சென்சாரைப் பார்த்திருக்க வேண்டும். சென்சார் ஒயரையும் கழற்றும்போது இழுத்திருப்பார்கள், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 2020 மாடல் கார் ஒன்றைப் பழைய கார் கடையில் வாங்கினேன். ஏபிஎஸ் விளக்கு எரிவதே இல்லை என்று விற்றவர் பெருமையாகச் சொன்னார். (காட்பாடி)

பதில்: அதுதான் எனக்குப் பயம். சாவியைத் திருகியதும் அந்த விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற புதிய கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம், ஆகவே உங்கள் வண்டியில் விளக்கு இல்லாமல் இருக்க முடியாது. எரியவே இல்லையென்றால் துண்டித்தோ மறைத்தோ இருக்கிறார்கள். படம் எடுத்து, எழுத்தில் புகார் கொடுங்கள். விற்றது கடை என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தனிமனிதர் தம் சொந்தக் காரை விற்றிருந்தால் அந்த வழி கிடையாது.

கேள்வி: மெதுவாக வந்து நிற்கும் நேரத்தில் பிரேக் பெடல் காலடியில் கிரகிரவென்று உதறுகிறது. விளக்கு எரியவில்லை. (வாணியம்பாடி)

பதில்: துருப்பிடித்த வளையமோ பலவீனமான சென்சாரோ, சக்கரம் நின்றுவிட்டதாக யூனிட்டை நம்பவைக்கிறது. அது பிரேக்கைத் தளர்த்துகிறது. நிற்கும் தூரம் கூடும், இந்த வாரமே பாருங்கள்.

கேள்வி: முன் டயர் ஒன்றை மட்டும் வேறு அளவில் போட்டேன், விளக்கு எரிகிறது. சென்சாரை மாற்றலாமா? (திருப்பத்தூர்)

பதில்: டயரை மாற்றுங்கள்.