டுரியான் மரத்தடியில் கோழிக்கூண்டு வேண்டாம் அண்ணே

பஹாவ் ஊர் வீட்டுப் பின்புறத்தில் கோழிக்கூண்டை எங்கே வைப்பது, டுரியான் நிழலா, ரம்புத்தான் பக்கமா, செம்பனை (எண்ணெய்ப் பனை) ஓரமா என்று கேட்டிருந்தீர்கள். டுரியானை விட்டுவிடுங்கள், 2 கிலோ பழம் அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் தகரக் கூரை தாங்காது. செம்பனை ஓரமும் சரிவராது. அங்கே எலி அதிகம், எலியைத் தேடி மலைப்பாம்பு வரும். அப்படி வைத்துத்தான் ஒரே இரவில் இரண்டு முட்டைக்கோழிகளை இழந்தேன், இன்னும் மனசு ஆறவில்லை. ரம்புத்தானுக்குக் கிழக்கே வையுங்கள். காலை வெயில் தரையைக் காயவைக்கும், பிற்பகலில் மரம் நிழல் தரும். கூரைக்கு மேல் நீளும் கிளையை மட்டும் வெட்டிவிடுங்கள், கோழி பிடிக்கும் மூசாங் (மரநாய்) அதன் வழியாகத்தான் இறங்கும். அப்புறம், அடுத்த பெருமழையில் குடையோடு போய்த் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்துவிட்டுக் கம்பம் நடுங்கள். கூண்டு வலையின் கண் அரை அங்குலத்துக்குமேல் வேண்டாம்.