புள்ளி மறைந்தது, நோய் போகவில்லை

கேள்வி: என் 60 லிட்டர் தொட்டியில் மோலியும் கப்பியும், அடியில் மேய்ந்து திரியும் இரண்டு கோரிடோரஸும் இருக்கின்றன. புதிதாக நான்கு கப்பி வாங்கி விட்ட பத்தாம் நாள், மீன்கள் மேல் உப்புத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். வெண்புள்ளி மருந்து மூன்று நாள் ஊற்றினேன். புள்ளிகள் மறைந்ததும் நிறுத்தினேன். ஒரே வாரத்தில் முன்பைவிட இரண்டு மடங்கு வந்துவிட்டது. மருந்து போலியா?

பதில்: மருந்தைச் சந்தேகிக்க வேண்டாம். நிறுத்திய நாள்தான் கோளாறு.

இது இக்தியோப்திரியஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியின் வேலை. மீன் வளர்ப்பவர்கள் சுருக்கமாக 'இக்' என்பார்கள். நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு புள்ளியும், மீனின் மேல்தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் ஓர் உயிரி. தண்ணீரில் ஊற்றும் மருந்து அங்கே எட்டாது. ஒரு மில்லிமீட்டர் வரை கொழுத்ததும் அது தோலைப் பிய்த்துக்கொண்டு வெளியே விழும். சரளையிலோ செடியிலோ ஃபில்டர் பஞ்சிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் பிரியும். அங்கும் மருந்து நுழையாது. கூடு உடைந்து குஞ்சுகள் நீந்தத் தொடங்கி, ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். மருந்துக்கு அகப்படுவது அந்த இடைவெளியில் மட்டும்தான்.

ஆக, புள்ளி மறைந்ததே என்று நீங்கள் நிம்மதியடைந்த அன்று, அவை கீழே சரளையில் பெருகிக்கொண்டிருந்தன.

இப்போது முதல் வேலை வெப்பம். தண்ணீர் சூடேற ஏற இந்தச் சுற்று வேகமாக முடியும். 25 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய ஒரு வாரம், 10 டிகிரியில் ஒரு மாதத்துக்கும் மேல். ஹீட்டரை மணிக்கு ஒரு டிகிரிக்கு மிகாமல் ஏற்றி 30-இல் நிறுத்துங்கள். அந்தச் சூட்டில் பெரும்பாலும் ஒட்டுண்ணியால் பெருகவே முடியாது. உங்கள் மீன்கள் சில நாள் தாங்கும்; தங்கமீன் தொட்டியில் இதைச் செய்யச் சொல்லமாட்டேன். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடட்டும்.

கூடவே மருந்து. மாலகைட் கிரீன் என்ற சாயம் கலந்ததாக இருந்தால், அதை எளிதில் தாங்காத கோரிடோரஸுக்காகப் பாதி அளவு போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், நல்ல பொருள் அல்ல அது. ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் என்ற கரி இருந்தால் எடுத்துவிடுங்கள்; ஊற்றிய மருந்தையெல்லாம் அது குடித்துவிடும். பலர் சறுக்கும் இடம் இது.

மருந்தைவிட நான் நம்புவது சைஃபன் குழாயை. தினமும் சரளையைக் குத்திக் குத்தி உறிஞ்சி, கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். கூடுகள் அப்படியே வெளியேறும். மாற்றிய தண்ணீருக்கு ஏற்ப மருந்தைச் சேருங்கள். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் இன்னும் பத்து நாள் இதே கதிதான். புள்ளியுள்ள மீனை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிப் பயனில்லை, தொட்டி முழுக்கவே நோய்.

ஒரு சோதனை: விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். தனித்தனி வெள்ளை மணிகளாகத் தெரிந்தால் இக். மஞ்சள் பொடி பூசினாற்போல மினுங்கினால் அது வெல்வெட், வேறு ஒட்டுண்ணி. அதற்கு விளக்கை அணைத்தே வைப்பதும் சிகிச்சையில் ஒரு பகுதி.

புதிய கப்பிகளில் புள்ளியே இல்லையே என்பீர்கள். செவுளுக்குள் இருந்தால் வெளியே தெரியாது. மீன் மேலே வந்து வாய் பிளப்பது ஓர் அடையாளம். அடுத்த முறை புதிய மீனை மூன்று வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். அதற்கென்று தனி வலையும் வேண்டும். ஈர வலையில் நோய் தொற்றிக்கொண்டு வரும், நன்றாகக் காய்ந்த வலையில் வராது.