1983 காண்டோர் ஹீரோஸ்: வாயசைவும் குரலும் ஒட்டவில்லை என்றால்

உங்கள் கோப்பு கெடவில்லை. நீங்கள் பார்ப்பது மாண்டரின் (சீனாவின் பொதுமொழி) டப்பிங். விஎல்சி வீடியோ பிளேயரில் ஜே, கே விசைகளை அழுத்தி ஒலியை எவ்வளவு நகர்த்தினாலும் உதடு ஒட்டாது.

ஹாங்காங்கின் டிவிபி தொலைக்காட்சி 1983இல் எடுத்த இந்தத் தொடரில் நடிகர்கள் பேசியது ஹாங்காங் மக்கள் பேசும் கான்டனீஸ். மாண்டரின் குரல் பிறகு சேர்த்தது.

நாயகி ஹுவாங் ரோங் காதலனைக் கூப்பிடும் இடத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள். "ஜிங் கெகெ" என்றால் மாண்டரின். "ஜிங் கோகோ" என்று கடைசியில் உதடு குவிந்தால் கான்டனீஸ். தலைப்புப் பாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். வசனம் மாண்டரினாக இருந்தாலும் பாட்டு கான்டனீஸாகவே இருக்கலாம்.

அப்புறம் விஎல்சியில் பி (B) விசையை அழுத்துங்கள். இரண்டு ஒலித்தடம் இருந்தால் மாறும். ஒன்றுதான் என்றால் கான்டனீஸ் பிரதியைத் தேடி எடுப்பதே வழி. தேடுவது வீண்போகாது: ஹுவாங் ரோங்காக நடித்த பார்பரா யுங்கின் குறும்பும் கொஞ்சலும் அவர் பேசிய மொழியிலேதான் முழுதாக வருகிறது.

ஒரு எச்சரிக்கை. பழைய சப்டைட்டிலை அப்படியே புதுப் பிரதியில் போடாதீர்கள். மூலத் தொடர் 59 பகுதி. 19, 20, 20 என மூன்று பாகம். வேறு விதமாக வெட்டிய பிரதி என்றால் வரிகள் நழுவும். சில நொடிதான் வித்தியாசம் என்றால் ஜி, ஹெச் விசைகள் போதும். போகப் போக இடைவெளி கூடினால் அந்தப் பிரதிக்கென்றே செய்த சப்டைட்டில் வேண்டும்.